பீடத்துக்கு முன் நாற்பத்தெட்டு தார்ப்பாய்கள்

புயலில் கூரை இழந்தவர்களுக்காக நானே திரட்டிய தார்ப்பாய் ஒன்றை, நானே, ஊர் பார்க்கப் போட்டி போட்டு ஏலத்தில் எடுத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்கலை வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோன சங்கதி. வெளியூர்க்காரர்களிடம் மட்டும் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

அதிலும் ஒரு உபரி அவமானம் உண்டு. ஏலத்தில் எனக்கு எதிராகக் கேட்டவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன வருஷம் ஒரு பூசணிக்காய்க்கு அவரிடம் தோற்றிருந்தேன். அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்ட மகிழ்ச்சியில், வழியில் கண்ட இரண்டு பேரிடம் தார்ப்பாயின் கனத்தைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். நல்ல கனம். மஞ்சள் விளிம்பு வைத்த நீலத் தார்ப்பாய், ஓரம் நெடுகப் பித்தளை வளையம்.

நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிறருக்கு வரக்கூடிய ஆபத்துகளைப் பற்றிப் படிவம் நிரப்புவது தொழில். மீதி நேரம் வாசிப்பு. மாநிலம் முழுக்கக் கிளை விரித்த ஒரு வாசகர் வட்டத்தில் உறுப்பினர். வட்டம் என்றால் ஒரு வாட்ஸப் குழுதான். ஒடிசாக் கடற்கரையில் புயல் அடித்த வாரம், சாப்பாடு முடிந்த நிறைவில், "நாம் ஏதாவது செய்ய வேண்டும்" என்று அதில் எழுதிவிட்டுப் படுத்தேன். குழுவில் இப்படி எழுதுகிறவன்தான் அதைச் செய்ய வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். காலையில் எழுந்து பார்த்தால் கும்பிடும் கைகள் வரிசையாக வந்திருந்தன. நடுவில் என்னை நிவாரணப் பணிகளுக்கு மாநில ஒருங்கிணைப்பாளராக நியமித்தும் இருந்தார்கள்.

மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் முப்பது வருஷமாக உதவி நிர்வாக அலுவலராகவே இருப்பவன் நான். ‘மாநில’ என்ற சொல் என் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மனம் இளகிவிட்டது. ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட வந்து சேராத நிலையில் நாகர்கோவிலுக்குப் போய் விசிட்டிங் கார்டு அடித்தேன். நூறு கார்டு. மனைவி ஒன்றை வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மறுபக்கம் பார்க்காமல் எதையும் மதிப்பிட மாட்டாள். மறுபக்கம் காலியாக இருந்தது.

மாநிலம் பிரமாதமாக ஒத்துழைத்தது. ஒரு மாவட்டத்திலிருந்து பத்தொன்பது சாக்குப் பழைய துணி வந்தது. பிரித்தால் கோட்டு சூட்டு, பட்டு ரவிக்கை, கிழிந்த பனியன். கல்யாண மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒன்றும் இருந்தது. இன்னொரு மாவட்டத்தார் பொருள் எப்போது வரும் என்று சொல்லவில்லை. பாராட்டுச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களின் மன உறுதிக்காகத் தன் கவிதைத் தொகுப்பில் இருநூறு பிரதிகள் அனுப்புவதாக ஒருவர் சொன்னார். ஒடிசாவில் தமிழ் தெரியாதே என்று தயங்கினேன். கவிதைக்கு மொழி தடையில்லை என்று பதில் வந்தது. தமிழ் தெரிந்தவர்களுக்கும் அந்தத் தொகுப்பு அப்படித்தான் இருந்தது என்பதால் நான் மேற்கொண்டு வாதாடவில்லை.

இதையெல்லாம் அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஓட்டலில் மத்தியான வேளைகளில் உரக்க வாசிப்பேன். அங்கே பரோட்டா அடிக்கும் மாஸ்டர் நாற்பது வயதுக்காரர். பதினான்கு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார். வடக்கே எங்கிருந்தோ வந்தவர் என்று தெரியும். எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. என்னைவிட நன்றாக எங்கள் ஊர்த் தமிழ் பேசுவார். என் தமிழைப் புத்தகங்கள் கெடுத்துவிட்டன. நான் கோட்டு சூட்டு வரையில் வாசித்தபோது அவர் மாவை விசிறிக் கல்லில் போட்டுவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"சாரே, புயலு அடிச்சது எனக்க ஊருலயாக்கும்."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர் சாவகாசமாகத்தான் சொன்னார். அவர் தெருவில் நாற்பத்தெட்டு வீடு. ஆஸ்பெஸ்டாஸ், ஓலை, தகரம் என்று எந்தக் கூரையும் மிஞ்சவில்லை. அவருடைய அம்மாவும் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் தெருக்காரர்கள் அத்தனை பேரோடும் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அரசாங்கம் அரிசி கொடுக்கிறது. ஆனால் இரண்டு வாரத்தில், ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்தைத் திறக்கிறார்கள். அன்றைக்கு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். வீடு என்றால் நாலு சுவர். மழைக்காலம் முடிய இன்னும் நாள் கிடக்கிறது. இவரே போய்விடலாம் என்றால் அந்தப் பக்கம் ரயில் ஓடவில்லை.

"சோறு கிட்டுது சாரே. தலைக்கு மேல ஒண்ணும் இல்ல. தார்ப்பாய் மட்டும் மதி. வேற ஒண்ணும் அனுப்பண்டாம்." கோட்டு சூட்டையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பில் காகிதத்தின் பின்னால் ‘48’ என்று எழுதி என் சட்டைப் பையில் வைத்தார். மாநில அளவிலான என் திட்டம் அந்தக் காகிதத்தோடு முடிந்தது. அது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான தகவலும் அதுதான்.

அதன் பிறகு காரியம் நடந்தது. மார்த்தாண்டத்தில் பிளாஸ்டிக் சாமான் வியாபாரி ஒருவர் பாதித் தார்ப்பாய்களைச் சும்மா தந்தார். மீதியை வாசகர் வட்டத்தார் வாங்கினார்கள். தக்கலைப் பக்கம் ஒரு கிட்டங்கியிலிருந்து கல்கத்தாவுக்குக் கயிறு ஏற்றிப்போகும் லாரியில் இடம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாஸ்டரின் ஊர் நெடுஞ்சாலை விலக்கைத் தாண்டும். அங்கே அவருடைய தம்பி டிராக்டரோடு நிற்பார். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. அந்த லாரியை விட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்து. எல்லாவற்றையும் நாற்காலியில் இருந்தபடியே, போனிலேயே, முடித்தேன். தார்ப்பாய் என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருங்கிணைப்பாளன் பொருளைப் பார்க்க வேண்டியதில்லை, பட்டியலைப் பார்த்தால் போதும் என்பது அப்போது என் கொள்கையாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மார்த்தாண்டத்திலிருந்து சரக்கு ஆட்டோ வந்தது. எங்கே இறக்கணும் என்று டிரைவர் போனில் கேட்டார். வீட்டில் இறக்க வழியில்லை. சாப்பாட்டு அறையில் பத்தொன்பது சாக்குத் துணி இருந்தது. இன்னொரு சாக்கு வந்தால் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி அறிவித்திருந்தாள். எனக்குச் சட்டென்று எங்கள் சபைக் கோயில் ஞாபகம் வந்தது. பீடத்துக்கு முன்னால் இடம் சுத்தமாக இருக்கும், அங்கே அடுக்கிவிடுங்கள், ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வருஷத்தில் ஒரு ஞாயிறு, அவரவர் விளைச்சலில் ஒன்றைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், பலாக்காய், கால் கட்டிய கோழி என்று குவியும். விளைச்சல் இல்லாதவர்கள் கடையில் இருப்பதை வைப்பார்கள். ஒரு வருஷம் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் வெஸ்டர்ன் கழிப்பறைக் கோப்பை ஒன்றைப் பக்தியோடு வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஆராதனையில் யாருக்கும் பீடத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். பீடத்துக்கு முன்னால் இருந்தது எதுவானாலும் அது காணிக்கை. காணிக்கை என்றால் ஏலம். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பண்டிகை வருகிறது என்று மனைவி மூன்று முறை சொல்லியிருந்தாள். மூன்று முறையும் நான் போனில் மாநிலத்தோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஆராதனைக்கு நான் போகவில்லை. ஏலத்துக்கு மட்டும் போனேன். பல வருஷமாக அதுதான் என் ஆன்மிகம். போய்ச் சேரும்போது பழங்கள் முடிந்து தார்ப்பாய் ஓடிக்கொண்டிருந்தது. ஏலம் விடுகிறவர் மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். அவருக்கு மைக் என்பது ஒரு மரியாதைக்காகத்தான். யாரோ ஒரு புண்ணியவான் பெயர்கூடச் சொல்லாமல் அடுக்கடுக்காகத் தார்ப்பாய் வைத்திருப்பதாகவும், அவனுடைய தாழ்மை நம் எல்லோருக்கும் பாடம் என்றும் அவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். தார்ப்பாய், தார்ப்பாய் என்று ஒரு வாரமாகப் பேசியவனுக்கு அதைக் கண்டதும் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வரவில்லை. என் தார்ப்பாய்கள் பட்டியலில் பத்திரமாக இருந்தன. இது வேறு யாருடையதோ. தலைமையாசிரியர் வேறு கையைத் தூக்கிவிட்டார்.

மீதியை மாஸ்டர்தான் போனில் சொன்னார். கோயில் முடிந்து வருகிறவர்கள் அவர் கடையில் பரோட்டாவும் இறைச்சியும் வாங்கிப் போவது ஞாயிற்றுக்கிழமை வழக்கம்.

"சாரே, கடைக்கு வாறவன் எல்லாவனுக்க கையிலயும் ஒரு தார்ப்பாய் இருக்கு. நீலம், மஞ்சக் கரை. பதினேழு வரைக்கும் எண்ணினேன்." பிறகு, "நம்ம தார்ப்பாய் என்ன நெறம் சாரே?" என்று கேட்டார்.

நான் மடியில் இருந்த தார்ப்பாயைப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் மார்த்தாண்டத்துப் பிளாஸ்டிக் வியாபாரியின் கடைப் பெயர் இருந்தது.

போதகரிடம் ஓடினேன். அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர், இளைஞர். அந்த முகமறியாத புண்ணியவானுக்காகக் காலையில் தனியாக ஒரு ஜெபமே செய்திருந்தார். அது நான்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் வாடிப்போனார். பணத்தை வேண்டுமானால் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் ஏலம் எடுத்த பொருளைத் தா என்று சபையாரிடம் நான் எப்படிச் சொல்வேன் என்றார். அந்தப் பணத்தில் புதிதாக வாங்கலாம் என்றால், செவ்வாய்க்கிழமைக்குள் அத்தனை தார்ப்பாய் எந்தக் கடையிலும் இல்லை. யார் யார் எடுத்தார்கள் என்று எழுதியிருந்த நோட்டை மட்டும் தந்தார். மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அந்த நோட்டோடு வீடு வீடாகப் போனேன். அந்த மாதத்தில் நான் செய்த முதல் உடல் உழைப்பு.

முதலில் என் வீடு. மனைவி அதற்குள் அதைத் துணி துவைக்கும் மிஷின்மேல் போட்டிருந்தாள். மடித்துத் தந்தாள். நான் இத்தனை வருஷ ஏலத்தில் எடுத்தவற்றில் உபயோகமான பொருள் இது ஒன்றுதான் என்று பிறகு அவள் தங்கையிடம் சொன்னதாகக் கேள்வி.

அடுத்து தலைமையாசிரியர். எனக்குத் தோற்ற பிறகு அடுத்த தார்ப்பாயை இன்னும் கூடுதல் விலைக்கு எடுத்து, காரின்மேல் விரித்து, நான்கு பக்கமும் செங்கல் வைத்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஆசிரியர் அல்லவா, மாணவன் தப்பாகச் சொன்னாலும் முடிக்கும் வரை காத்திருப்பார்.

"நேத்து எனக்க எதிர நின்னு கேட்டீரே, அப்பம் இந்த ஒடிசா எங்க போச்சு வே?"

நான் நோட்டைப் புரட்டி அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா தார்ப்பாயில் நல்லமிளகு காயப் போட்டிருந்தார். "கோயில்ல எடுத்த மொதலாக்கும் மக்கா. திருப்பிக் குடுத்தா குடும்பம் வெளங்குமா?" என்று கேட்டுவிட்டு, நான் போகும்போது ஒரு கை மிளகு தந்து அனுப்பினார். அதற்கு அடுத்தது அண்ணன் தம்பி இரண்டு பேர் கூட்டாக எடுத்த வீடு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அதை நடுவில் வெட்டிப் பாகம் வைத்திருந்தார்கள். பித்தளை வளையம் ஒன்று தம்பி பக்கம் கூடுதலாகப் போய்விட்டதென்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் மத்தியஸ்தனாக உட்காரச் சொன்னார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தேன்.

மத்தியானம் வரை அலைந்ததில் மூன்று கிடைத்தது. என்னுடையதைச் சேர்த்து நான்கு. அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போனேன். எத்தனை என்று மாஸ்டர் கேட்டார். சொன்னேன். அவர் கையில் இருந்த மாவு உருண்டையை உடனே விசிறவில்லை.

"நாலு போனா எனக்க தம்பி நாலு வீட்டுக்கு குடுக்கணும். அதுல எனக்க வீடு உண்டும்னா ஊருல தல காட்ட முடியாது. இல்லேன்னா எனக்க பிள்ளையளு நனையும். நாப்பத்திநாலு பேருக்கு இல்லேன்னு அவன் எப்பிடி சாரே சொல்லுவான்? நாலும் போகாண்டாம்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மாவைக் கல்லில் போட்டுத் திருப்பிவிட்டு, எனக்குச் சால்னா ஊற்றினார். பதினான்கு வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாக இலையில் மிச்சம் வைத்தேன்.

பக்கத்து மேசையில் ஏலம் விட்ட வாழைக்குலை வியாபாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வீடு வீடாகப் போய் என்ன சொன்னீர் என்று என்னிடம் விசாரித்தார். நடந்தது தவறு, தயவுசெய்து திருப்பித் தாருங்கள் என்று பணிவாகச் சொன்னேன் என்றேன். அவர் தலையில் கை வைத்தார்.

"தவறுன்னு சொன்னா எவன் வே தருவான்? எடுத்தவன் தப்பு செய்தான்னுல்லா ஆச்சு. திருப்பித் தான்னு சொல்லப்பிடாது. மறுகாணிக்கை வையின்னு சொல்லணும்."

அதுவும் எங்கள் சபையில் உள்ள வழக்கம்தான். ஏலத்தில் எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறுபடியும் பீடத்துக்கே கொடுப்பது. அப்படிக் கொடுப்பவரின் பெயரை மைக்கில் இரண்டு தடவை சொல்வார்கள். எடுக்கும்போது ஒரு தடவை, கொடுக்கும்போது ஒரு தடவை. ஊரில் சிலர் இதற்காகவே ஒரே பலாக்காயை எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து, அது பழுத்தே போனதும் உண்டு. ஐம்பத்திரண்டு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இது தோன்றவில்லை.

வியாபாரி கை கழுவிவிட்டு, குலை ஏற்றும் தன் டெம்போவில் மைக்கைக் கட்டி, மூன்று மணிக்குள் ஊரைச் சுற்றி வந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் முற்றத்தில் மறுகாணிக்கை, கொடுப்பவர்கள் பெயர் அறிவிக்கப்படும். அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பு, தவறு, ஒருங்கிணைப்பு எதுவும் இல்லை.

ஐந்து மணிக்கு முற்றம் ஞாயிற்றுக்கிழமையைவிட நிறைந்திருந்தது. மாஸ்டர் கடையில் சொல்லிவிட்டு வந்து மதில் ஓரமாக நின்றார். வியாபாரி ஏலத்தைத் தலைகீழாக நடத்தினார். "ஒடிசாக் கடப்புறத்துல ஒரு வீடு. கூரை இல்ல. யாரு தாறா? ஒருதரம்..." என்று அவர் தொடங்கியதும் நல்லமிளகு அம்மா எழுந்து வந்து, மிளகு வாசனையோடு, தார்ப்பாயை வைத்தார். அவர் பெயர் மார்த்தாண்டம் வரை கேட்டிருக்கும். அதன் பிறகு இரண்டுதரம் சொல்லும் வேலையே வரவில்லை. ஒவ்வொரு வீட்டையும் வியாபாரி சும்மா எண்ணவில்லை. இது தெருவின் முதல் வீடு, இது கிணற்றுக்குப் பக்கத்து வீடு என்று மாஸ்டரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். மாஸ்டர் மதில் ஓரத்திலிருந்து பதில் சொல்லச் சொல்ல, மெதுவாக முன்னால் வந்துவிட்டார்.

தலைமையாசிரியர் தன்னுடையதை வைத்துவிட்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்து யாரோ இரண்டு வைத்ததாக அறிவிப்பு வந்ததும் எழுந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். கடையடைப்பதற்குள் புதிதாக ஒன்று வாங்கி வந்து, பெயரை இன்னொரு தடவை சொல்லவைத்தார். அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு பாதியோடு வந்தார்கள். பாதித் தார்ப்பாயை மைக்கில் சொல்ல முடியாது என்று வியாபாரி கறாராக மறுத்துவிட்டார். அவர்கள் திரும்பிப் போய் ஆளுக்கொன்று முழுசாகக் கொண்டுவந்தார்கள். ஏலப் பணத்தை ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. முடிவில் எண்ணியபோது ஐம்பத்து மூன்று இருந்தது.

நான் மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நன்றியுரைக்குச் சில குறிப்புகளும் எழுதி வைத்திருந்தேன். வியாபாரி கடைசிப் பெயரைச் சொன்னதும் மைக்கின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிட்டங்கிக்குப் போனேன். மாஸ்டர் எனக்கு முன்னால் வந்து கட்டுகளை லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கட்டைக் கயிற்றால் கட்டினேன். அவர் அதை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். டிரைவரிடம் தம்பியின் நம்பரை மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தார். லாரி திருவனந்தபுரம் சாலையில் ஏறி நாகர்கோவில் பக்கம் திரும்பி மறையும் வரை அங்கேயே நின்றார். பிறகு கடை திறக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் ஒருங்கிணைக்கவில்லை. குழுவில் யாரோ அடுத்த கட்டத் திட்டம் என்ன என்று கேட்டதற்குக்கூடப் பதில் போடவில்லை. மத்தியானம் ஓட்டலுக்குப் போவேன். லாரி எங்கே நிற்கிறது என்று மாஸ்டரே சொல்வார். வியாழக்கிழமை ஒரு டயர் வெடித்தது. வெள்ளிக்கிழமை ஆற்றுப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை டிரைவர் போனை எடுக்கவே இல்லை. அன்று மாஸ்டர் இரண்டு பரோட்டாவைக் கருகவிட்டார். அவர் கல்லில் நான் அப்படிக் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பியிடமிருந்து படம் வந்தது. நீலம், நீலமாக ஒரு தெரு. மாஸ்டர் மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். மூங்கில் வைத்து இழுத்துக் கட்டிய ஒரு கூரையைக் காட்டி, இதாக்கும் எனக்க வீடு என்றார். மூலையில் ஒரு கை தெரிந்தது. மூத்த பெண்ணுடையது என்றார். மறுநாள் பள்ளிக்கூடம் திறந்தது. அன்று சாயங்காலம் அங்கே நல்ல மழை. எங்கும் ஒழுகவில்லை என்று செவ்வாய்க்கிழமை தகவல் வந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் தூங்கி எழுந்தவர்கள் எல்லோருக்கும் நிற்காத தும்மலாம். அது மிளகுத் தார்ப்பாயாக இருக்கலாம்.

ரயில் ஓடத் தொடங்கியதும் மாஸ்டர் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். திரும்பி வந்த அன்று மத்தியானம் நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வீடு எப்படி, அம்மா எப்படி, பிள்ளைகள் எப்படி என்று முறையாக விசாரித்தேன். தெருவில் எல்லோரும் என்ன சொன்னார்கள் என்றும், அதில் எனக்குத் தனியாக அக்கறை ஏதும் இல்லாத குரலில், கேட்டேன். எல்லாக் கதையையும் சொன்னாராம். வியாபாரி ஏலம் விட்டதை நடித்துக் காட்டச் சொல்லி அம்மா தினமும் கேட்டாளாம். நல்லமிளகு அம்மாவுக்கு ஒரு சேலை கொடுத்துவிட்டிருந்தாள்.

நான் சால்னாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். மாஸ்டருக்கு என் மனசு புரிந்திருக்க வேண்டும். நல்ல மனிதர்.

"ஒங்களயும் சொன்னேன் சாரே. மாநில ஒருங்கிணைப்பாளருன்னு சொன்னேன். அது என்ன வேலைன்னு அம்ம கேட்டா. இருந்த எடத்துல இருந்து போனு பேசுவாரு, பேரு எழுதி வைப்பாரு, சாமானம் வேற எங்கயாவது போயிரும், பெறவு ஊருக்காரங்க கூடி சரியாக்குவினும்னு சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"‘ஓ, அங்கயும் அப்பிடி ஒருத்தன் உண்டா’ன்னு கேட்டா."